'சர்மைஸ்' என்றால் வெறும் ஊகமா?

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்பவர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பு என் தொழில். என் மேசையில் இருக்கும் அகராதி 'கெஸ்' (guess), 'கன்ஜெக்சர்' (conjecture), 'சர்மைஸ்' (surmise) மூன்றுக்கும் 'ஊகி' என்றே பொருள் தருகிறது. அதை நம்பி, பழைய ஆங்கில வழக்குப் பத்திரம் ஒன்றில் 'சர்மைஸ்' வந்த இடமெல்லாம் 'ஊகம்' என்று எழுதிவிட்டேன். அங்கே வரவேண்டியது 'குற்றச்சாட்டு'. ஒரு சொல்லால் வழக்கே தலைகீழாகிவிட்டது.

பழைய பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேலே, 'மெத்ர்' என்றால் வைப்பது. 'சர்மைஸ்' பிறந்த 'சுர்மெத்ர்' என்பது ஒருவர் தலையில் குற்றத்தை ஏற்றி வைப்பது. நாம் 'பழி சுமத்தினான்' என்கிறோமே, அதே சுமைதான். 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அந்நாட்டுச் சட்டத்துறையில் பிரெஞ்சு வேரூன்றியது. இந்தச் சொல்லும் சட்டச் சொல்லாகவே ஆங்கிலத்தில் நுழைந்தது. நிரூபிக்காமல் சுமத்திய பழி நாளடைவில் சந்தேகமாகத் தேய்ந்தது. சந்தேகம் ஊகமாக இளகியது.

1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 6:4இல் 'ஈவில் சர்மைசிங்ஸ்' என்று இருக்கிறது. அந்த இடத்தில் நம் பழைய தமிழ் வேதாகமம் 'பொல்லாத சம்சயங்கள்' என்கிறது. சம்சயம் என்றால் ஐயம். அந்தத் தமிழ் எனக்கு மிகவும் பிடிக்கும். 'ஊகங்கள்' என்று போட்டிருந்தால் அந்த வசனத்தின் விஷமே இறங்கிப்போயிருக்கும். 1816இல் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் எழுதிய கவிதையில் பசிபிக் கடலைக் கண்ட வீரர்கள் 'வைல்ட் சர்மைஸ்' பொங்க ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே பழியும் இல்லை, ஐயமும் இல்லை. வியப்பு கலந்த ஊகம் மட்டுமே.

'கெஸ்' வேறு குடும்பம், ஜெர்மானிய வழி வந்தது. 'ஐ கெஸ்' என்பதை அமெரிக்கப் பேச்சு என்று பலரும் ஒதுக்குகிறார்கள். இங்கிலாந்தின் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டிலேயே அப்படி எழுதியிருக்கிறார். 'கன்ஜெக்சர்' லத்தீன் வழி. சேர்த்து எறிவது என்பது அதன் வேர்ப்பொருள்.

அடுத்த பதிப்பில் 'சர்மைஸ்' என்ற சொல்லுக்கு மூன்று பொருளையும் வரிசையாகத் தாருங்கள்: பழைய சட்ட வழக்கில் குற்றம் சாட்டு, அடுத்து ஐயுறு, இன்றைய வழக்கில் போதிய சான்றில்லாமல் ஊகி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் வேண்டும். 'இன்ஃபர்' (infer) என்ற சொல்லையும் 'ஊகி' என்று முடித்துவிடாதீர்கள். சான்றிலிருந்து முடிவுக்கு வருவதற்கு, நன்னூலின் உத்திகளில் ஒன்றான 'உய்த்துணர வைப்பு' நமக்கு 'உய்த்துணர்' என்ற சொல்லைத் தந்திருக்கிறது.

அன்புடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்