அண்ணனிடம் பேசு, மகளே

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். லெந்து நாட்களில் உபவாசம் இருக்கிறாய், விடியற்காலையில் எழுந்து வேதம் வாசிக்கிறாய் என்று நீ சொன்னபோது மனது நிறைந்துபோனது. துபாய் போன பிறகு ஜெபத்தை விட்டுவிடுவாயோ என்று கவலைப்பட்ட அப்பாவுக்கும் நிம்மதி. ஆனால் பேச்சு அண்ணன் பக்கம் திரும்பியதும், "அண்ணனைப் பத்தி மட்டும் பேசாதீங்கம்மா" என்றாய். அதுதான் என் மனதில் கிடக்கிறது. போனில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

மத்தேயு 5-ம் அதிகாரம் 23, 24 வசனங்களை மறுபடி வாசி. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" அங்கே நினைத்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். ஆண்டவர் இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடமோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் அப்பால். ஜனங்கள் நடந்தே போன காலம். அவ்வளவு தூரம் போனவன் ஊருக்குத் திரும்பி, சகோதரனைப் பார்த்துப் பேசி, மறுபடியும் எருசலேமுக்கு நடக்க வேண்டும். அந்த வழி எத்தனை நாள் என்று நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் அவர் இதைச் சொன்னார்.

இன்னொன்றையும் கவனி. நமக்கு யார்மேல் குறை என்று அந்த வசனம் கேட்கவில்லை. நம்மேல் யாருக்குக் குறை என்று கேட்கிறது. கடை வைக்க வாங்கிய பணத்தை அண்ணன் இன்னும் திருப்பித் தரவில்லை, உன் கோபம் நியாயம்தான். ஆனால் அண்ணி வீட்டார் முன்னால் நீ அவனைப் பேசிய பேச்சு அவன் மனதை ரொம்பப் புண்படுத்திவிட்டது.

சரி, பணம் என்ன ஆவது என்று கேட்பாய். பிலேமோன் நிருபத்தை எடு. ஒரே அதிகாரம், 25 வசனம்தான். பிலேமோனின் அடிமையாயிருந்த ஒநேசிமுவை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். அவன் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். நான் இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கடனே இல்லை என்று அவர் மழுப்பவில்லை. நானே செலுத்துவேன் என்று சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். பிலேமோனுக்குக் கட்டளையிட அவருக்குத் துணிவிருந்தது. இருந்தும் அன்பினிமித்தம் மன்றாடுகிறார்.

நானும் அப்படியே கேட்கிறேன். பணத்தை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன். எப்போது எவ்வளவு தருவான் என்று நீயும் அவனும் பேசி எழுதிக்கொள்ளுங்கள், அப்பா நடுவில் இருப்பார். நீ சொன்ன சொல்லுக்கு மட்டும் முதலில் மன்னிப்புக் கேள். பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே.

ஞாயிறு ஆராதனை முடிந்து 12 மணிக்கு மேல் அண்ணன் வீட்டில்தான் இருப்பான். அவன் எடுக்காவிட்டால் அண்ணி போனுக்குக் கூப்பிடு. அவள் இன்றும் உன்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுகிறாள். பெரிய வியாழன் நற்கருணைக்குப் போவதற்கு முன் பேசிவிடு, மகளே.

அன்புடன்,
அம்மா