மதிலில் ஒரு கடப்பு

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது. "மே மாதம் வாறம் அம்மா, சின்னவளையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது நடக்கலாம், மலை ஏறாத இடமாப் பாருங்கோ" என்றாய். ஏறாத இடம் இங்கே தாராளமாக இருக்கிறது. இறங்காத இடத்தைத்தான் தேடி எடுக்க வேண்டும். அதைப் போனில் விளங்கப்படுத்த எனக்கு வராது.

லண்டனில் இருந்து பார்த்தால் எங்கள் டார்பி நகரத்துக்குப் பக்கத்துப் பீக் டிஸ்ட்ரிக்ட் முழுக்க ஒரே மலை என்றுதான் தோன்றும். டார்பியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்த எனக்கே அப்படித்தான் இருந்தது. உண்மையில் அது இரண்டு ஊர். வடக்கே கறுத்த மணற்கல்லும் புதைசேறும். அது டார்க் பீக், நமக்குச் சரிவராது. நடுவிலும் தெற்கிலும் வெளிறிய சுண்ணாம்புக்கல், அதுதான் வைட் பீக். கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் அளவில் விரித்துப்போட்ட பாய் மாதிரி ஒரு மேட்டுநிலம். கார் உன்னை மேலே ஏற்றிவிடும். ஏறிய பிறகு எல்லாம் மெல்லிய ஏற்றம், மெல்லிய இறக்கம், புல், மதில், மறுபடி புல். அந்தப் பாயை ஆறுகள் அங்கங்கே கிழித்து வைத்திருக்கின்றன. டேல் என்பது அந்தக் கிழிசல்களைத்தான். படங்களில் வருவதெல்லாம் டேல்கள். சனமும் அங்கேதான் போய் விழுகிறது, பிறகு பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க மேலே வருகிறது. ஊர்கள் பலவும் மேலேயே இருக்கின்றன. நாம் மேலேயே நிற்போம்.

முதல் தரம் நாங்கள் போன கதையை உனக்குச் சொன்னேனோ தெரியாது. அப்பா ஓய்வு எடுத்த வருஷம். ஒரு ஊரின் ஓரத்தில் காரை விட்டுவிட்டு நடந்தோம். ஐந்து நிமிஷத்தில் ஒரு மதில், அதில் ஆள் கடந்து போக ஒரு கடப்பு, கடப்பின் மரத்தில் ஒரு மஞ்சள் அம்பு. அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் புல்வெளி, அவருடைய செம்மறிகள், தூரத்தில் அவருடைய வீடு. நான் நின்றுவிட்டேன். "இது ஆரோ ஆக்களின்ரை காணி, வாங்கோ திரும்புவம்" என்றேன். அப்பா அம்பைக் காட்டினார். அம்பை யாரும் பூசலாம்தானே என்றேன். அந்த நேரம் பார்த்து நாலு சில்லு மோட்டார் சைக்கிளில் காணிக்காரரே வந்துவிட்டார். என் வயிறு கலங்கியது. இந்த நாட்டுக்கு வந்த முதல் பத்து வருஷமும் நான் எந்தக் கவுண்டரிலும் நின்ற மாதிரியே, கையில் இல்லாத கடதாசியைத் தேடுகிற முகத்தோடு நின்றேன். அவர் வண்டியை நிறுத்தவே இல்லை. கையை உயர்த்தி, "பாதை அந்த மரத்துக்கு இடப்பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் இதையெல்லாம் படித்தேன். மஞ்சள் அம்பு நடக்கிறவர்களுக்கான பொதுப்பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் சேர்ந்து போகலாம். நிலம் காணிக்காரருடையதுதான், ஆனால் அந்தக் கோட்டில் நடக்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. அவர் விரும்பினாலும் மறிக்க முடியாது. இந்த உரிமையும் சும்மா வரவில்லை. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி கிண்டர் ஸ்கவுட் என்ற அந்தக் கறுத்த மலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளப் பிள்ளைகள் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) தன் பொதுப்பாதைகளை வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம்தான் சொன்னது. 1951இல் இந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனதும் இதே இடம்தான். அதாவது நீ பிறக்க முதலே, நாங்கள் வர முதலே, அந்தக் கடப்பு திறந்துதான் இருந்தது.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாய். இரண்டு நாள் நடைப் பயணம், இதே பக்கம்தான். மாடு பார்க்கிறதுக்குப் பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும், சனிக்கிழமை கணக்கு வகுப்பு இருக்கிறது என்று நான் கையெழுத்து வைக்கவில்லை. நீ ஒன்றும் கதைக்கவில்லை, மேலே போய்ப் படுத்துவிட்டாய். காசு ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய காரணம், அது நமக்கான இடம் இல்லை என்ற என் நினைப்பு. காரில் அரை மணித்தியாலம். அரை மணித்தியாலத் தூரத்தை இருபது வருஷம் தள்ளி வைத்திருந்தேன்.

சரி, பாதைக்கு வருகிறேன். தள்ளுவண்டி கொண்டுவருவதென்றால் டிஸ்ஸிங்டன் என்ற ஊர். அங்கே ஆஷ்பர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 13 மைல், 21 கிலோமீட்டர், ஒரு பழைய ரயில்பாதை. 1899இல் போட்ட தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு 1971இல் நடைபாதையாகத் திறந்தார்கள். ரயிலுக்கு மேடு பிடிக்காது, அதனால் மேடு வந்த இடத்தைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் சரிக்கட்டியிருக்கிறார்கள். அந்த வேலையின் பலன் இப்போது என் முழங்காலுக்கு. ஒன்றை மட்டும் கவனி: டிஸ்ஸிங்டனில் காரை விட்டு வடக்குப் பக்கம் நட. போகும்போது தெரிந்தும் தெரியாமலும் ஒரு ஏற்றம், களைத்துத் திரும்பும்போது இறக்கம். தெற்கே போனால் இது தலைகீழ். நாங்கள் முதல் நாள் தெற்கேதான் போனோம்.

அந்த ஊர்க் கிணறுகளுக்குப் பூ அலங்காரம் செய்வதையும் பார்க்கக் கிடைத்தால் நல்லது. ஈஸ்டர் கழிந்து ஆறாவது வியாழன், விண்ணேற்ற நாளில் தொடங்கும். பலகையில் ஈரக் களிமண்ணை அப்பி, பூவிதழை ஒவ்வொன்றாக, பொட்டு ஒட்டுகிற மாதிரி அழுத்திப் படம் செய்கிறார்கள். ஒரு கிழமைக்குள் வாடிவிடும். கிணற்றுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், இந்த நிலத்தில் மேலே தண்ணீர் நிற்பதில்லை. மழைக்குக் குறைவே இல்லை. ஆனால் மழைத்தண்ணீரில் இருக்கிற மெல்லிய புளிப்பு சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்து வெடிப்பாக்கி, தானும் அதற்குள் இறங்கிவிடுகிறது. இதைக் கேட்டதும் அப்பா, "எங்கடை கிணறுகளும் இந்தக் கல்லுக்குள்ளைதானே" என்றார். யாழ்ப்பாணத்துக்குக் கீழேயும் சுண்ணாம்புக்கல்தான். மனுஷன் அதன் பிறகு இந்த ஊரைச் சொந்தக்காரர் வீடு மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பிடித்தது மொனியாஷ். பெயர் பெற்ற ஊர் இல்லை. நடுவில் ஒரு புல்தரை, அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஃபியர் மியர் என்று ஒரு குளம். அடியில் களிமண் படிந்த இடமானதால் தண்ணீர் தங்கியது, தண்ணீர் தங்கியதால் ஊர் வந்தது. ஊரைச் சுற்றி இருபக்கமும் மதில் வைத்த ஒழுங்கைகள். அதில் நடந்தால் வழி தவறவே முடியாது. ஊருக்குக் கிட்ட இருக்கிற வயல்கள் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். பழைய காலத்தில் ஆளுக்கொரு கீற்றாக உழுத நிலத்துக்குப் பிறகு அப்படியே மதில் கட்டியிருக்கிறார்கள். தூரப் போகப் போக வயல் பெரிதாகும், மதில் கோடு போட்ட மாதிரி நேராகும். அவை பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பொதுநிலத்தைப் பங்குபோட்டபோது கட்டியவை. மதிலைப் பார்த்தே இது ஊர்ச்சனம் கட்டியதா, வழக்கறிஞர் கட்டியதா என்று சொல்லிவிடலாம் என்பது அப்பாவின் பகிடி.

மதிலுக்குச் சாந்து கிடையாது. இரண்டு பக்கமும் இரண்டு வரிசை, நடுவில் சல்லிக்கல், இடைக்கிடை இரண்டையும் கட்டிப்பிடிக்க ஒரு நீளக்கல். சின்னவளைத் தொட்டுப் பார்க்கச் சொல், ஆனால் ஏறவிடாதே. ஒரு கல் சரிந்தால் ஒரு முழம் சரியும், அதைத் திரும்ப அடுக்குவது ஒரு மனுஷனின் வேலை.

கடப்புகளில் ஒரு வகை இருக்கிறது. நிமிர்ந்த இரண்டு கல், நடுவில் கால் மட்டும் நுழைகிற இடைவெளி. ஆள் போகலாம், செம்மறி போக முடியாது. அப்பாவும் போக முடியாது. போன ஆவணியில் ஒன்றில் மாட்டிக்கொண்டு முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றார். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா மிகவும் மரியாதையாக, "கைகளைத் தூக்கி மூச்சை விடுங்கள்" என்றார். வேலை செய்தது. ஜாக்கெட் பொத்தான் ஒன்று அங்கேயே போய்விட்டது.

அதைத் தேடும்போதுதான் நான் முதன்முதல் அந்தக் கல்லைக் கிட்டப் பார்த்தேன். பொத்தான் என்று நினைத்து நகத்தால் கிண்டினேன், வரவில்லை. கல்லிலேயே பொத்தான். நடுவில் ஓட்டை, சுற்றிலும் மெல்லிய வரி. பக்கத்தில் அதே பொத்தான்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி ஒரு சின்னத் தண்டு, திருகாணி போல. கிரினாய்ட் என்று சொல்கிறார்கள், கடல் லில்லி என்று பெயர், ஆனால் பூ இல்லை, நட்சத்திர மீனின் உறவுக்கார உயிர், கல்லாகிக் கிடக்கிறது. ஏறக்குறைய 33 கோடி வருஷத்துக்கு முன் இந்த இடம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட, ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருந்ததாம். கடப்புப் படியில் ஆயிரம் பேரின் சப்பாத்து தேய்த்துத் தேய்த்து அந்த வளையங்களைத் துலக்கிவிட்டிருக்கிறது. சின்னவளின் விரல் நுனி அந்த வளையத்துக்கு அளவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மொனியாஷிலிருந்து கிழக்கே லாத்கில் டேலுக்குள் ஒரு பாதை இறங்குகிறது. தொடக்கம் அகலமான புல்வெளி, அதுவரை போகலாம். பள்ளத்தாக்கு ஒடுங்கி, காலடியில் பெரிய கற்கள் தொடங்குகிற இடத்தில் திரும்பிவிடு. சுண்ணாம்புக்கல் காய்ந்திருந்தால் கல், நனைந்தால் சவர்க்காரம். நான் அங்கே சறுக்கி விழுந்து இருந்த இருப்பு மூன்று கிழமை வலித்தது. உன்னிடம் போனில் குளிர் பிடித்திருக்கிறது என்று சொன்னது அதைத்தான். கோடையில் அந்த ஆற்றின் மேல்பகுதி வற்றி நிலத்துக்குள் போய்விடும், வெறும் கற்படுக்கைதான் கிடக்கும்.

மூன்றாவது, உனக்கு நேரம் இருந்தால், ஈயம் (Eyam) என்ற ஊர். எழுத்தில்தான் ஈயம், வாயில் ஈம். தமிழ்க் காதுக்கு ஈமக்கிரியை மாதிரிக் கேட்கும், காரணமும் இருக்கிறது. 1665இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோய் வந்தது. மொம்பெசன் என்ற பாதிரியாரின் சொல்லைக் கேட்டு ஊர் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. 14 மாதத்தில் 260 பேர் போனதாகக் கணக்கு. ஊருக்கு வெளியே வயலோரம் ஓட்டைகள் உள்ள ஒரு எல்லைக்கல் இருக்கிறது. நோய் ஒட்டாமல் இருக்க வினாகிரி ஊற்றிய அந்த ஓட்டைகளில் காசை வைப்பார்கள், வெளியூர்க்காரர் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுப்பார்கள். ஊரிலிருந்து கல் வரை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அதைத் தாண்டினால் இறக்கம், தாண்ட வேண்டாம். கொரோனா முடிந்து முதல் வெளிக்கிட்ட நாள் நாங்கள் அங்கேதான் போனோம். நான் அந்த ஓட்டையில் விரல் வைக்கவில்லை.

மற்றவை சுருக்கமாக. ஓ.எஸ். என்ற நில அளவை நிறுவனம் போட்ட இந்தப் பக்கத்து வரைபடம், ஓ.எல். 24, என்னிடம் இருக்கிறது. நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், விட்டுவிட்டு வரும் பச்சைக் கோடுகள் நம் வழி. போனை நம்பாதே, பள்ளத்தில் சிக்னல் செத்துவிடும். படலையைத் திறந்திருந்தால் திறந்தபடி, பூட்டியிருந்தால் பூட்டியபடி விட வேண்டும். மே மாதம் மாடுகள் கன்றோடு நிற்கும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாதே, சுற்றிப் போ, சுற்றினால் பாதை தவறும் என்று வெட்கப்படாதே. புல் மூடிய குழி, மேடு எதைக் கண்டாலும் பிள்ளையை விடாதே. முந்தி ஈய உலோகம் தோண்டிய இடங்கள் அவை, சில சுரங்க வாய்கள் பலகையும் கல்லும் போட்டு மூடியவை.

ஜீன்ஸ் போட வேண்டாம் என்று மருமகளிடம் சொல். நனைந்தால் காயாது, மேலே காற்று சும்மா விடாது. சப்பாத்து உனக்கு வாங்க வேண்டாம். அப்பாவின் பழைய சோடி கராஜில் கிடக்கிறது, உன் அளவுதான், நாடா மட்டும் மாற்ற வேண்டும். நான் மாற்றி வைக்கிறேன்.

வெள்ளி இரவே வந்துவிடு. சனி காலை ஒன்பது மணிக்கு முன் வெளிக்கிட்டால்தான் கார் விட இடம் கிடைக்கும். இடியப்பம் கட்டிக்கொண்டு போவோம். அப்பாவுக்குக் கால் நுழைகிற கடப்பு இருக்கிற பாதை மட்டும் வேண்டாமாம், படலை உள்ளதாகப் பார்க்கச் சொல்கிறார். பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா