பைரோல் கறுத்துப்போனால் அது கலப்படமா? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பாளையங்கோட்டை

கல்லூரி வேதியியல் துறையினருக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஓர் ஆய்வக உதவியாளர் பைரோல் பாட்டிலைக் கொண்டுவந்து எங்கள் வேதிப்பொருள் கடை மேசைமேல் வைத்தார். நாலு கார்பனும் ஒரு நைட்ரஜனும் வளையமாகக் கோத்த திரவம்தான் பைரோல். "அண்ணாச்சி, கருப்பட்டிக் காப்பியையா அடைச்சுக் குடுத்திருக்கிய?" என்றார். நிறமும் அப்படித்தான் இருந்தது. இந்தக் கோடையில் திரும்பி வந்த நாலாவது பாட்டில் அது. ஆளுக்கொரு தடவை பதில் சொல்வதற்கு எழுதியே விடலாம் என்றுதான் இந்த மடல்.

அது கலப்படம் இல்லை. காய்ச்சி வடித்த கையோடு பார்த்தால் பைரோல் தண்ணீர் மாதிரி இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்துவிடும். அதன் நைட்ரஜன் தன்னிடமுள்ள எலெக்ட்ரான் இணையை வளையத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் வளையம் எதனோடும் சட்டென்று வினைபுரியும். ஆக்சிஜன் கிடைத்தால் பைரோல் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே பிணைந்து பிசினாகிவிடும். இந்தத் துடிப்புக்காகத்தானே நீங்களும் அதை வாங்குகிறீர்கள்! நாலு பைரோலும் நாலு பென்சால்டிஹைடும் புரொப்பியானிக் அமிலத்தில் கொதித்தால் நாலு பைரோல் வளையமும் கோத்த பெரிய வளையமான போர்ஃபிரின், ஊதா நிறப் படிகமாகக் கிடைக்கிறது. கறுத்த சரக்கைப் போட்டால் தாரைத்தான் சுரண்ட வேண்டிவரும். 130 டிகிரியில் வடிவதைப் பிடித்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். மிச்சத்தை நைட்ரஜன் நிரப்பிப் பழுப்புப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

உமியிலிருந்தும் மக்காச்சோளச் சக்கையிலிருந்தும் எடுக்கும் ஃபர்ஃபுராலும் இப்படிக் கறுப்பதுதான். அதைக் குறைந்த அழுத்தத்தில் வடிக்க வேண்டும்.

பைரோலின் நைட்ரஜன் இடத்தில் ஆக்சிஜன் இருந்தால் அது ஃபியூரான். அந்த விஷயத்தில் தப்பு எங்களுடையது. அதன் கொதிநிலை 31 டிகிரி. நம்மூர்ச் சித்திரையில் நிழலே அதைத் தாண்டிவிடும். ஒருமுறை மத்தியான வெயிலில் தென்காசிக்கு எங்கள் வண்டியிலேயே அனுப்பிவைத்தோம். மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று சீறிப் பாதி ஆவியாகப் போனது. பக்கத்தில் அடுப்பு எரியாதது எங்கள் அதிர்ஷ்டம். இனி ஃபியூரானை வெளியூருக்கு அனுப்புவதில்லை. காலையில் ஐஸ்பெட்டியோடு வந்தால் கையில் தருகிறோம். நாள்பட்டதில் காற்றுபட்டு வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கும்; வடிக்கும்முன் அதற்குச் சோதனை செய்யுங்கள். அடிவரை வற்ற விடவே கூடாது.

அதே இடத்தில் கந்தகம் இருக்கும் தயோஃபீன்மேல் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. சாதுவான வளையம், பென்சீனுக்குத் தம்பி மாதிரி. 1882இல் ஜெர்மன் வேதியியலாளர் விக்டர் மேயர் வகுப்பில் பென்சீனோடு ஐசாட்டின் என்ற சோதனைப் பொருளும் கந்தக அமிலமும் சேர்த்து நீல நிறம் காட்ட முயன்றார். அன்றைக்குப் பார்த்து நிறம் வரவில்லை. பென்சாயிக் அமிலத்திலிருந்து எடுத்த சுத்தமான பென்சீன் அது. நிலக்கரித் தார் பென்சீனில் மட்டும் நீலம் வந்தது. தேடிப்போனதில் அகப்பட்டதுதான் தயோஃபீன். பென்சீனின் கொதிநிலை 80 டிகிரி, இதற்கு 84. வடித்துப் பிரிக்க முடியாமல் அத்தனை காலம் கூடவே ஒளிந்திருக்கிறது.

ஆறு அணு வளையத்தில் ஒரு நைட்ரஜன் கொண்ட பிரிடின் ஈரத்தை இழுக்கும், நாற்றம் சட்டையோடு வீடுவரை வரும். வேறு தொல்லை இல்லை.

இனி பைரோலும் ஃபர்ஃபுராலும் 25, 100 மில்லி பாட்டில்களில் மட்டும் தருவோம். மில்லிக்கு விலை கொஞ்சம் கூடத்தான். அரை லிட்டரில் பாதியைக் கொட்டுவதற்கு இது தேவலை. திறந்த தேதியை எழுத ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். சீல் உடையாத பாட்டில் கறுத்திருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறோம். திறந்து ஒரு மாதம் ஆனதைக் கொண்டுவந்தால் காப்பி மட்டும் உண்டு.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்