யானைக்குச் சொந்தம் ஆவுளியா

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் சிறுவர் பக்கத்தில் யானை, காண்டாமிருகம், நீர்யானை மூன்றையும் தடித்த தோல் விலங்குகள் என்று ஒரே குடும்பமாகப் போட்டிருக்கிறீர்கள், அது எப்போதோ கைவிடப்பட்ட வகைப்பாடு. காண்டாமிருகம் குதிரையோடு சேரும், நீர்யானைக்கு மிக நெருங்கிய உறவு திமிங்கலம். யானை கதைதான் இதில் சுவாரசியம்: பாக் நீரிணையில் கடற்புல் மேயும் ஆவுளியாவும் (கடற்பசு) முயல் அளவே இருக்கும் ஆப்பிரிக்கப் பாறை ஹைராக்ஸும் அதன் சொந்தங்கள், அப்புறம் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது மடகாஸ்கரின் டென்ரெக் என்ற சிறு பாலூட்டியும் அதே கூட்டத்தில் வந்து சேர, 1998இல் அதற்கு ஆஃப்ரோதீரியா என்று பெயர் வைத்தார்கள். டென்ரெக்கில் சில வகைகள் அச்சு அசல் முள்ளெலி மாதிரியே இருக்கும், ஆனால் உறவு என்னவோ யானையோடுதான் (நம்பத்தான் கஷ்டம்!). அடுத்த வாரம் திருத்தம் போடும்போது ஆவுளியா படத்தையும் சேர்த்துப் போடுங்கள், ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.