கிட்ஸ் ப்ரொஃபைல்ல 'காஷெர்ன் சின்ஸ்' போட்டது பத்தி புகார்

கஸ்டமர் கேர் டீமுக்கு வணக்கம்,

உங்க ஆப்புக்கு வருஷ சந்தா கட்டி குடும்பத்தோட பாக்குறவன் நான். 'காஷெர்ன் சின்ஸ்'ங்கிற ஜப்பான் அனிமேஷன் சீரிஸ கிட்ஸ் ப்ரொஃபைல்ல ஏழு வயசுக்கு மேலன்னு போட்டு, கீழ "குடும்பத்தோட ரசிக்க ஒரு சூப்பர்ஹீரோ சாகசம்"னு வேற எழுதி வச்சிருக்கீங்க. இத எழுதுனவங்க ஒரே ஒரு எபிசோடாவது பாத்தாங்களா?

நடந்தது இதுதான். 1973ல தத்சுனோகோ ஸ்டுடியோ எடுத்த பழைய காஷெர்ன் சீரிஸ் 35 எபிசோடும் எங்க வீட்டுல பாத்து முடிச்சோம், பையன் ரெண்டாவது படிக்கிறான், சப்டைட்டில் அவனுக்கு ஓடுற வேகத்துல படிக்க வராது, அதனால நான்தான் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிட்டே வருவேன். அதுல சோகம் இல்லன்னு சொல்லல. ஊரக் காப்பாத்த ஹீரோ தெத்சுயா தன் மனுஷ உடம்பையே விட்டுட்டு இரும்பு உடம்பு காஷெர்னா மாறுறான், அவன் அம்மாவோட மனசு ஒரு ரோபோ அன்னத்துக்குள்ள இருக்கு, எதிரி கோட்டைக்குள்ள இருந்தே அந்த அன்னம் பிள்ளைக்குத் தகவல் சொல்லும். என் பொண்ணு அழுதா, ஆனா அம்மா எங்கயோ இருந்து பாத்துக்கிறாங்கன்னு தெரிஞ்சதால தாங்கிக்கிட்டா. அது குழந்தைங்களுக்குப் பொருந்துற சோகம்.

அது முடிஞ்சதும் உங்க ஆப்பே அடுத்து இதப் பாருங்கன்னு 2008ல வந்த 'சின்ஸ்'ஸ ஓட்டிடுச்சு. அதே பேரு, அதே வெள்ளை உடுப்பு, ஃப்ரெண்டர்ங்கிற அதே ரோபோ நாய், புள்ளைங்க குஷியாயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல துரு புடிச்சு உதிர்ந்துட்டு இருக்குற ரோபோக்கள் கூட்டமா வந்து காஷெர்னத் தின்னா எங்களுக்கு சாவே வராதுன்னு அவன் மேல விழுதுங்க, அவன் வெறி புடிச்ச மாதிரி அடிச்சு நொறுக்குறான். பையன் என் கையப் புடிச்சுக்கிட்டு "ஏம்ப்பா அவனத் திங்க வர்றாங்க, அவன் நல்லவன்தானே"ன்னு கேட்டான், எனக்கு வாயே வரல. ஏன்னா இந்தக் கதைல லூனாங்கிற பொண்ணக் கொன்னு உலகமே அழியக் காரணமானவனே காஷெர்ன்தான், அது அவனுக்கே ஞாபகம் இல்ல. இத ஏழு வயசுப் பையனுக்கு எப்படிச் சொல்றது சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி ஃப்ரெண்டருக்கும் துரு புடிக்குமான்னு கேட்டுட்டே இருந்தான், தூங்கவே இல்ல.

சீரிஸ் மோசம்னு நான் சொல்லவே இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. மேட்ஹவுஸ் ஸ்டுடியோவோட வேலை, ஷிகேயாசு யமாவுச்சி டைரக்‌ஷன், புள்ளைங்க தூங்கினப்புறம் 24 எபிசோடும் நானே தனியா உக்காந்து பாத்தேன், அவ்ளோ நல்லா இருக்கு. பழசுல சாகாத உடம்பு ஹீரோவுக்குப் பலம், இதுல அதுதான் அவனுக்குத் தண்டனை. சுத்தி எல்லாரும் உதிர்ந்து போறாங்க, இவன் மட்டும் எவ்ளோ அடிபட்டாலும் தானா சரியாயிடுறான், சாகணும்னு ஏங்குறான், முடியல. பழைய வில்லன் பிரெய்கிங் பாஸ் கூட இதுல துரு புடிச்சு ஓஞ்சு போய் நிக்கிறான். வாழ்க்கைல கொஞ்சம் அடிபட்ட பெரியவங்களுக்குத்தான் இது புரியும், ஜப்பான்லயே இத நடுராத்திரி ஸ்லாட்லதான் போட்டாங்க. ரிங்கோன்னு ஒரு சின்னப் பொண்ணு சிரிச்சிட்டே வர்றா, அவளயும் நாயயும் போஸ்டர்ல போட்டதப் பாத்து எந்த அப்பா அம்மா சந்தேகப்படுவாங்க?

சாட்ல கேட்டதுக்கு, அனிமேஷன்னா ஆட்டோமேட்டிக்கா கிட்ஸ் கேட்டகரிக்குப் போயிடும்னு உங்க ஆள் பதில் சொன்னாரு. அப்ப இது ஒரு சீரிஸோட பிரச்சனை இல்ல, இன்னும் எத்தனை இப்படி உள்ள கிடக்குதோ. படம் வரைஞ்சு எடுத்தா அது குழந்தைங்களுக்குன்னு யாரு சொன்னது? நாங்க கிட்ஸ் லாக் போட்டுட்டு கிச்சனுக்குப் போறதே உள்ள இருக்குறத நீங்க பாத்து வச்சிருப்பீங்கங்கிற நம்பிக்கைலதான்.

மொதல்ல 'சின்ஸ்'ஸ கிட்ஸ் ப்ரொஃபைல்ல இருந்து எடுங்க. பழசையும் புதுசையும் ஒரே வரிசைல கோக்காம வருஷம் போட்டுத் தனியா வைங்க, சாவு, வன்முறை, சாகணும்ங்கிற ஏக்கம் இதெல்லாம் இருக்குன்னு விவரத்துல வெளிப்படையா எழுதுங்க, கிட்ஸ் ப்ரொஃபைல்ல அடுத்த சீரிஸ் தானா ஓடுறத நிறுத்துங்க. எப்ப செய்வீங்கன்னு தேதி போட்டு மெயில்ல பதில் வேணும், ரெடிமேட் பதில் வேணாம். அதுவரைக்கும் சந்தா ஆட்டோ-ரின்யூவல ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களோட அப்பா