மீண்டவர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், வீட்டிலிருந்து உடன் வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

வழக்கம்போல இந்த அறிக்கையில் யார் பெயரும் வராது. இந்த ஆண்டு இத்தனை பேர் குடியை விட்டார்கள் என்ற எண்ணிக்கையும் வராது. நன்கொடை தரும் பெரியவர்கள் சிலர் அதைக் கேட்டிருந்தார்கள், கேட்பது நியாயமும்கூட. ஆனால் எண்ணிக்கை என்று ஒன்றை எழுதி வைத்துவிட்டால், அது குறையாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலையாகிவிடும். மறுபடி தொட்டுவிட்டவர் அதை வெளியில் சொல்லக் கூசுவார், கூட்டத்துக்கு வராமலே நின்றுவிடுவார். அவர் திரும்பி வருவதுதான் நமக்கு முக்கியம். எனவே செயற்குழு எண்ணிக்கை வேண்டாம் என்று முடிவெடுத்தது. கணக்கு வழக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய மாற்றம், ஞாயிறு காலையில் நடந்துவந்த கூட்டத்தைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றியது. திருப்பூரிலும் பல்லடத்திலும் சனிக்கிழமை சம்பள நாள். டைலரும் செக்கிங் பெண்களும் தறி ஓட்டுபவரும் கையில் வாரக் கூலியோடு கம்பெனியை விட்டு வெளியே வரும் நேரம் அது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. சம்பளம் வாங்கியதிலிருந்து கடை மூடுவதற்குள் இருக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தைத்தான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரால் தனியாகக் கடக்க முடிவதில்லை. ஞாயிறு காலையில் நாம் கூடும்போது காரியம் முடிந்துபோயிருக்கும். இப்போது ஏழு மணிக்குக் கூடுகிறோம், பத்து மணி தாண்டித்தான் கலைகிறோம். இடம் தந்து உதவும் தறி குடோன் உரிமையாளருக்கும், மாதாமாதம் டீயும் பன்னும் வாங்கித் தரும் பேக்கரிக்காரருக்கும் சங்கத்தின் நன்றி.

புதிய உறுப்பினர்கள் இருப்பதால், சங்கம் எதற்கு என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர், குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் உலகளாவிய அமைப்பான ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்கும் போகிறோம், ஆனால் நம் சங்கம் ஏ.ஏ.வின் கிளை இல்லை. ஏ.ஏ. தொடங்கிய கதையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், தொழில் பேச்சு முறிந்துபோய் ஒரு ஓட்டலில் தனியாக நின்றார் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் அதற்குள் போகாமல், தேவாலயங்களின் தொலைபேசி எண்களைத் தேடிப் பிடித்து, "இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிப்பவர் யாராவது இருக்கிறாரா, நான் அவரோடு பேச வேண்டும்" என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம் மட்டும் பேசலாம் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு ஜூன் 10ஆம் தேதி அவர் கடைசியாகக் குடித்தார் என்பது அந்த இயக்கத்தின் கணக்கு.

இந்தக் கதையில் என் மனதில் தங்கியது அதற்கு முந்தைய மாதங்கள். பில் நியூயார்க்கில் எத்தனையோ குடிகாரர்களிடம் போய்ப் பேசியிருந்தார், ஒருவரும் விடவில்லை. ஆனால் பேசப்போன அவர் குடிக்காமல் இருந்தார். ஆக்ரனிலும் அவர் போனது முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். "உங்களைத் திருத்த வந்தேன்" என்று போகிறவருக்கும், "உங்களோடு உட்கார்ந்தால் நான் இன்றைக்குத் தப்பிப்பேன்" என்று போகிறவருக்கும் உள்ள வேறுபாட்டை எதிரில் இருப்பவர் உடனே கண்டுகொள்கிறார். நம் தொண்டர்களுக்கு இந்த ஆண்டு நடத்திய பயிற்சியில் பாதி நேரம் இதற்கே போனது, போனதும் சரிதான்.

பயிற்சியில் முடிவான நடைமுறைகளையும் பதிவு செய்கிறேன். ஒருவரைப் பார்க்க இரண்டு பேராகப் போகவேண்டும். அவர் போதையில் இருந்தால் பேச்சு வேண்டாம், மறுநாள் போகலாம். பணம் கொடுக்கக் கூடாது, ஜாமீன் நிற்கக் கூடாது. ஆண்களை ஆண்களும் பெண்களைப் பெண்களும் பார்க்கட்டும். "நீங்கள் இப்படிச் செய்யுங்கள்" என்று தொடங்கும் பேச்சைத் தவிர்த்து, "எனக்கு இப்படி நடந்தது" என்று தொடங்குங்கள். குடித்த காலத்துக் கூத்தை ரசித்து ரசித்துச் சொல்வது கூடவே கூடாது. கேட்பவருக்கு நாக்கு ஊறும், சொல்பவருக்கும் ஊறும். முதல் கட்டிங்கைக் குடிக்காமல் இருந்த அந்த ஒரு சாயங்காலத்தில் என்ன செய்தோம், எங்கே போனோம், யாரைக் கூப்பிட்டோம் என்பதைச் சொல்லுங்கள். அவருக்குப் பயன்படுவது அதுதான்.

அடுத்து, நம் அனுபவத்தின் எல்லை. தினமும் அளவு மீறிக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறலாம்: நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வது, செத்துப்போனவர் குரல் கேட்பது. மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரே போகும். இந்த ஆண்டு சோமனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இதுவே நடந்தது. குலதெய்வக் கோயிலில் சத்தியம் பண்ணிவிட்டு நிறுத்தியவர், மூன்றாம் நாள் இரவு கட்டிலைவிட்டு எழுந்து எறும்பைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். காத்துக் கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போக வண்டி பேசிவிட்டார்கள். தகவல் தெரிந்து போன நம் உறுப்பினர் வாசலிலேயே சொன்னார்: "அம்மிணி, இது பேயில்லீங். இதே எறும்பை நானும் பார்த்தவன். வண்டிய அப்படியே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு உடச் சொல்லுங்." அவர் அந்த எறும்பைப் பார்த்திருந்ததால்தான் அந்த வீட்டார் நம்பினார்கள். அதன்பிறகு காப்பாற்றியது மருத்துவர்களும் செவிலியர்களும். நம் அனுபவம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்ளே நடக்கவேண்டியது அவர்கள் வேலை.

இதோடு சேர்ந்த இன்னொன்று. தெருமுனைக் கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்று கேட்கும் பழக்கம் நம் பக்கம் அதிகம். நாள்படக் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட வாய்ப்புண்டு. குடிப்பழக்கத்தை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அவர் முதலில் என்ன ஊசி போடுவது என்று பார்த்துக்கொள்வார். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு நடக்கும் வீட்டார் கூட்டத்தை அக்காமார்களே முன்னின்று நடத்துகிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்வி: "குழம்புல கலந்து குடுக்கற மாத்திரை வாங்கித் தர்றீங்களா?" அவர்கள் கேட்பது டைசல்பிராம் மாத்திரையை. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தியபிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். சாப்பிடுகிறவர் தெரிந்து, ஒத்துக்கொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் அது நல்ல துணை. தெரியாமல் கொடுப்பது மிகவும் அபாயம். இதைச் சொல்வதற்கு மருத்துவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்தார். வீட்டில் ரகசியமாகக் கலந்து, கணவர் மயங்கி விழுந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நம் சகோதரி ஒருவர் எழுந்து நின்று தன் வாயாலேயே சொன்னார். அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வி வருவது நின்றிருக்கிறது. அந்தச் சகோதரிக்குப் பொதுக்குழுவின் சார்பில் வணக்கம்.

கார்த்திகை, மார்கழி நமக்கு வேலை அதிகம். மாலை போட்டால் தொடமாட்டேன் என்று சபரிமலைக்கோ, தைப்பூசத்துக்குப் பழனிக்கோ விரதம் இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். விரதம் அவர்களுக்கு ஒரு பெரிய உண்மையைக் காட்டுகிறது: தன்னால் குடிக்காமல் இருக்க முடியும். ஆனால் மாலை கழற்றிய அன்றைக்கே கடைக்குப் போகிறவர்களும் உண்டு. இந்த ஆண்டு மாலை கழற்றும் நாளுக்கு முன்பே அவர்களைப் பார்த்துப் பேசினோம். "சாமி, மலைக்குப் போயிட்டு வந்த சாயங்காலம் நம்ம குடோனுக்கு வந்து எல்லாருக்கும் பிரசாதம் குடுத்துட்டுப் போங்க" என்று அழைத்தோம். வந்தவர்களில் சிலர் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கிறார்கள். மாரியம்மன் நோம்பிக்கும் கெடா விருந்துக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யவேண்டும். அங்கே இன்னும் நாம் நுழையவில்லை.

தொண்டர்களில் ஒருவர், பங்காளி வீட்டுச் சாவுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். அவர் விருப்பத்தின்படியே இதை எழுதுகிறேன். பல மாதம் மற்றவர்களுக்கு ஓடியவர் அவர். தனக்கு யாரையும் கூப்பிடும் வழக்கம் அவரிடம் இல்லாமல் போயிருந்தது. கூட்டத்தில் அவர் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தபோது, தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "இழை அறுந்தா பாவு நூலையே வெட்டிப் போடறமா தம்பி? முடிச்சுப் போட்டு ஓட்டறதில்லையா?" அன்று முதல் ஒவ்வொரு தொண்டருக்கும், வாரம் ஒருமுறையாவது தன் நிலைமையைச் சொல்ல இன்னொரு தொண்டர் இருக்கவேண்டும் என்பதை விதியாக்கினோம். குடியை விட்டு ஓராண்டு நிறையாதவரைத் தனியாக யார் வீட்டுக்கும் அனுப்புவதில்லை என்றும் முடிவு செய்தோம். ஆர்வத்தோடு வரும் இளைஞர்களுக்கு இது வருத்தம் தரலாம். அவர்களைக் காப்பதும் நம் கடமை.

இளைஞர் என்றதும் சொல்லவேண்டியது, மாத்திரைப் பழக்கம். வலிக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றும். இருபது வருடம் சாராயம், பிராந்தி என்று கழித்த எங்களைப் போன்றவர்கள் அந்தப் பையன்களிடம் "எனக்கும் இப்படித்தான்" என்று சொன்னால் அது பொய். அவர்களுக்கு அந்தப் பாதையில் போய் மீண்ட ஒருவர்தான் பேசவேண்டும். அப்படி ஒரு தம்பி இப்போது நம்மோடு இருக்கிறார். போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் பெற்றோர் சிகிச்சைக்கே கூட்டிவருவதில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுதாக எடுத்தால் வழக்குத் தொடரப்படுவதிலிருந்து பாதுகாப்பு தருகிறது. இதை வழக்கறிஞர் ஒருவரை வைத்து வீட்டார் கூட்டத்தில் விளக்கினோம்.

அடைத்துவைத்து அடிக்கும் "மறுவாழ்வு" இடங்களைப் பற்றியும் இந்த ஆண்டு புகார்கள் வந்தன. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கேடுகளையும் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடைசெய்கிறது. சேர்ப்பதற்கு முன் பதிவு இருக்கிறதா, மருத்துவர் உண்மையிலேயே வருகிறாரா என்று பார்த்துவர நம் தொண்டர் இருவர் வீட்டாரோடு போவார்கள்.

மதுவிலக்குக் கோரித் தீர்மானம் போடவேண்டும் என்று சில உறுப்பினர்கள் வலியுறுத்தினார்கள். 1921இல் ஈரோட்டில் பெரியாரும் அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல் செய்த மண் இது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி ஆட்சியில், சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அந்தக் கோரிக்கையின் மேல் எனக்கும் தனிப்பட்ட மரியாதை உண்டு. ஆனாலும் சங்கம் எந்தப் பக்கமும் நிற்க வேண்டாம் என்பதே செயற்குழுவின் முடிவு. கடை நடத்துகிறவர் வீட்டுப் பிள்ளையும், பாரில் வேலை செய்கிறவரும், எந்தக் கட்சிக்காரரும் தயங்காமல் இந்தக் குடோனுக்குள் வரவேண்டும்.

ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோவொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. பெண்கள் நம்மிடம் வரத் தயங்குகிறார்கள். ஆண்கள் நிறைந்த சனிக்கிழமைக் கூட்டம் அவர்களுக்கு ஏற்றதல்ல. அவர்களுக்கென்று பகல் நேரத்தில், குடோனுக்கு வெளியே வேறு ஒரு இடத்தில் சந்திப்பு வேண்டும் என்று நம் சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். சனிக்கிழமை இரவுக் கூட்டத்தை நிரந்தரமாக்குவது. பெண்களுக்கான தனிச் சந்திப்புக்கு இடமும் சிறு தொகையும் ஒதுக்குவது. வருகிற நோம்பிக் காலத்துக்கு ஊருக்கு இரண்டு தொண்டர் வீதம் இப்போதே பெயர் கொடுப்பது. மனநல ஆலோசனைக்கான அரசு இலவச எண் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 ஆகிய இரண்டும் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டுள்ளன, போகும்போது குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்