உணர்வறி கணிமை: ஆய்வு மாணவருக்கான வாசல் இரண்டாம் ஆண்டிலேயே திறக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதரின் உணர்வுகளைக் கண்டறியும் கணினிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தோம். நிறுவனங்களில் கிடைக்கும் வேலைகளைச் சொன்ன அந்தக் கட்டுரை, அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளைத் தொடவில்லை. அந்தத் துறையான உணர்வறி கணிமையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் பலர், ஆய்வேடு முடியும் தறுவாயில்தான் வாய்ப்பைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் முக்கியமான சில வாய்ப்புகள் கைநழுவிப் போயிருக்கும்.

அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ரோசலிண்ட் பிக்கார்டின் 1995ஆம் ஆண்டு அறிக்கையும் 1997இல் வந்த நூலும் இத்துறைக்குப் பெயர் தந்தன. இதன் முதன்மை மாநாடான ஏசிஐஐ 2005இல் பெய்ஜிங்கில் தொடங்கியது. நெடுங்காலம் ஈராண்டுக்கு ஒருமுறை நடந்தது, இப்போது ஆண்டுதோறும் கூடுகிறது. அங்கும், முகம், குரல், சைகை வழியாக மனிதரும் கணினியும் ஊடாடுவதைப் பற்றிய ஐசிஎம்ஐ மாநாட்டிலும், ‘டாக்டோரல் கன்சோர்டியம்’ என்ற ஆய்வு மாணவர் அமர்வு உண்டு. பொதுவாக மாணவர் தம் பெயரில் மட்டும் எழுதிய சில பக்கக் கட்டுரை, தன்விவரக் குறிப்பு, நெறியாளரின் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். தேர்வானவர்களின் திட்டத்தை மூத்த ஆய்வாளர்கள் உட்கார்ந்து அலசுவார்கள். தரவு முழுவதும் சேர்ந்த பிறகு போனால் அந்த அலசலால் பயனில்லை; எதையும் மாற்ற முடியாது. முன்னோட்டச் சோதனை முடிந்து, பெரிய அளவில் தரவு சேகரிப்பதற்கு முன் விண்ணப்பிப்பதே சரியான வேளை; அது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் வரும்.

அந்தச் சில பக்கங்களில் முதலில் கண்ணில் படுவது துல்லிய எண் அல்ல. தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எப்படிப் பிரித்தீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவதும் இங்கேதான். ராவ்டெஸ் என்ற பேச்சுத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 24 நடிகர்கள், பேச்சுப் பகுதியில் இரண்டே இரண்டு வாக்கியங்கள். கோப்புகளைக் கண்டபடி கலைத்துப் பிரித்தால் ஒரே நடிகரின் குரல் பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். மாதிரி, அதாவது தரவிலிருந்து கற்கும் கணினி நிரல், கோபத்தையா கற்றது, ஆளின் குரலையா கற்றது என்று சொல்லவே முடியாது. மூளை அலைத் தொகுப்பான டீப்பில் 32 பேர் ஆளுக்கு 40 காணொளிகளைப் பார்த்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அந்த நிமிடத்தை ஒரு நொடித் துண்டுகளாக வெட்டிக் கலைத்தால், அடுத்தடுத்த நொடிகள் இருபுறமும் விழும். துல்லியம் 90 விழுக்காட்டைத் தாண்டும். ஒரு ஆளை முழுவதுமாக வெளியே வைத்துச் சோதித்துப் பாருங்கள். பல மாதிரிகள் நாணயம் சுண்டுவதற்குச் சற்று மேலே வந்து நின்றுவிடும். அந்தச் சிறிய எண்ணைத்தான் எழுத வேண்டும். நடிகர்கள் இருவர் இருவராக உரையாடும் பதிவுகளின் தொகுப்பான ஐஇமோகேப்பில் ஐந்து அமர்வுகள் உள்ளன. ஒவ்வொன்றாக வெளியே வைத்து ஐந்து முறை சோதிப்பது வழக்கம். அளவுகளைச் சீராக்கும் சராசரியையும் பயிற்சித் தரவிலிருந்து மட்டுமே கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துச் சீராக்கிவிட்டுப் பிறகு பிரித்தால், அதுவும் சோதனைத் தரவு பயிற்சிக்குள் நுழையும் கசிவுதான்.

சொந்தமாகத் தரவு சேகரிப்பவர்களுக்கு வேறு இடர்கள். தோல் மின்கடத்தல் (வியர்வைக்கேற்பத் தோலில் மின்சாரம் பாயும் அளவு) ஏற, உணர்வைத் தூண்டும் காட்சிக்கோ ஒலிக்கோ பின் ஒன்று முதல் மூன்று நொடி ஆகும். இதயத் துடிப்பு வேறு வேகத்தில் மாறும். காணொளியைப் பார்த்தபடியே உணர்வின் ஏற்ற இறக்கத்தைக் குறிப்பவரின் கையும் சில நொடி பின்தங்கும். இந்தத் தாமதங்களை அளந்து நகர்த்தாமல் பயிற்றினால், மாதிரி முந்தைய காட்சிக்கான விடையை இப்போதைய காட்சியோடு கோத்துவிடும். கேமரா, மைக், மணிக்கட்டுப் பட்டை என்று மூன்று கருவிகள் இருந்தால் மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன என்று பொருள். தொடக்கத்திலும் முடிவிலும் எல்லாக் கருவிகளிலும் பதியும் ஒரு குறி வையுங்கள். பட்டையை அணிந்தபடி கையை மேசையில் தட்டினால் படத்திலும் ஒலியிலும் அசைவு உணரியிலும் அது தெரியும். தொடக்கக் குறி மட்டும் போதாது. கடிகாரங்கள் மெல்ல விலகுவதை முடிவுக் குறிதான் காட்டிக்கொடுக்கும். முதல் தூண்டலுக்கு முன் ஐந்து நிமிடமாவது ஓய்வு நிலைப் பதிவு வேண்டும். அறை குளிர்ந்திருந்தால் விரல்கள் வறண்டு தோல் மின்கடத்தல் அளவு தட்டையாகவே கிடக்கும்.

ஒப்புதல் படிவம் இதைவிடப் பெரிய விஷயம். பங்கேற்பாளரின் முகமும் குரலும் பிற ஆய்வாளர்களுக்குத் தரப்படலாமா என்ற கேள்வி தனிக் கட்டமாக அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் சேர்த்த தரவை வெளியிட முடியாது, நூறு பேரை மறுபடி தேடிப் பிடிக்கவும் முடியாது. எந்த இடத்தில் எந்த உணர்வு என்று நன்றாகக் குறியிடப்பட்ட, பகிரக்கூடிய ஒரு தொகுப்பு, அதிலும் ஆங்கிலம் அல்லாத மொழியில் இயல்பான உரையாடல் கொண்டது, பத்து மாதிரிகளைவிட நெடுநாள் பயன்படும். குறியிட்டவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை என்றால் சராசரி எடுத்து அதை மூடிவிட வேண்டாம். ஒவ்வொருவரின் மதிப்பீட்டையும் தனித்தனியே வெளியிடுங்கள்; அந்த வேறுபாடே இன்று ஒரு முழு ஆய்வுத் தலைப்பு.

பிறர் தொகுப்பைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல தொகுப்புகளின் உரிம ஒப்பந்தத்தில் மாணவரின் கையெழுத்து செல்லாது. நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் உள்ளவர் கையெழுத்திட்டு, நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்ப வேண்டும். விடை வர வாரக்கணக்கில் ஆகலாம்.

தலைப்பைத் தேர்பவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமான 2024/1689 ஒழுங்குமுறை, பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் முகம், குரல் போன்ற உயிரளவை (பயோமெட்ரிக்) தரவிலிருந்து உணர்வை ஊகிப்பதை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்கிறது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. அறிவியல் ஆய்வுக்கென்றே உருவாக்கும் அமைப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. என்றாலும் வகுப்பறையில் மாணவர் முகத்தைப் படிக்கும் ஆய்வுக்கு அங்கே சந்தை இல்லை. வலியும் களைப்பும் அந்தச் சட்டத்தின் பார்வையில் உணர்வுகள் அல்ல என்பதால், ஓட்டுநர் களைப்பு, வலி மதிப்பீடு ஆகிய ஆய்வுகளுக்கு இந்தத் தடை குறுக்கே வராது. முகத்தசை அசைவு மட்டும் ஒருவரின் உள்ளுணர்வை நம்பகமாகச் சொல்லாது என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் விரிவாக எழுதினார்கள். 2022இல் மைக்ரோசாஃப்ட் தன் முகச் சேவையிலிருந்து உணர்வை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. இத்தனைக்கும் பிறகு கோபம், பயம் போன்ற ஆறு அடிப்படை உணர்வு, ஒரு முகப்படம் என்று தொடங்கும் திட்டத்தை நாங்கள் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

ஊதியத்தோடு ஆய்வு செய்ய விரும்புவோருக்கு ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் இடங்கள் எந்த நாட்டவருக்கும் திறந்தவை. ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. பணியில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில், இடம் தரும் நிறுவனம் உள்ள நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவும் கூடாது. இடங்கள் யூராக்சஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைத் தளத்தில் விளம்பரமாகும். ஒவ்வோர் இடத்துக்கும் கடைசி நாள் வேறு. படிக்கவோ வேலைக்கோ அந்த நாட்டுக்கு முன்பே போய்விட்டவர்கள் இந்த 12 மாதக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்குவது நல்லது.

இப்படிக்கு,
உணர்வறி கணிமை ஆய்வாளர்கள் சிலர்